டேட்டாபேஸிடம் தமிழில் கேட்டுப் பதில் வாங்க: ஓலாமா, போஸ்ட்கிரஸ்

கடையின் விற்பனைக் கணக்கு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் இருக்கிறது, தரவு வெளியே போகவும் கூடாது என்றால், ஏஐ மாடல்களை நம் கணினியிலேயே ஓட்டும் ஓலாமாவும் நிரல் எழுதும் க்வென் 2.5 கோடர் 7பி மாடலும் போதும். தமிழ்க் கேள்வியை மாடல் எஸ்க்யூஎல்லாக, அதாவது டேட்டாபேஸுக்குப் புரியும் கட்டளையாக மாற்றும்; அதை ஓட்டினால் விடை வரும். மாடலின் அளவு ஏறத்தாழ 4.7 ஜிபி. 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டில் நன்றாக ஓடும். கார்டு இல்லாமல் 16 ஜிபி ராமிலும் ஓடும், மெதுவாக.

மாடலை இறக்கும் முன்பே டேட்டாபேஸில் தனி யூசர் ஒன்றை உருவாக்குங்கள். தேவையான டேபிள்களுக்கு மட்டும், செலக்ட் (படிக்கும்) உரிமை மட்டும். போன் நம்பர் இருக்கும் டேபிளுக்குப் பதிலாக, அந்த நெடுவரிசை இல்லாத வியூவை (டேபிள் போலவே படிக்கக்கூடிய, சேமித்துவைத்த எஸ்க்யூஎல்) கொடுங்கள். ஸ்டேட்மென்ட் டைம்அவுட், அதாவது ஒரு கட்டளை ஓடக்கூடிய நேர வரம்பு, 10 நொடி. 'எதையும் அழிக்காதே' என்று பிராம்ப்டில் (மாடலுக்குத் தரும் குறிப்பில்) எழுதுவது பாதுகாப்பே இல்லை.

அடுத்து, போஸ்ட்கிரஸோடு வரும் பிஜி டம்ப் கருவியில் ஸ்கீமாவை (டேபிள்களின் அமைப்பை) மட்டும் எடுத்து, தேவையான டேபிள்களைப் பிராம்ப்டில் வையுங்கள். உழைப்பெல்லாம் இங்கேதான். 'ஸ்டேட்டஸ் 1 நிலுவை, 2 அனுப்பியது, 3 ரத்து' என்று ஒவ்வொரு நெடுவரிசைக்கும் விளக்கம் வேண்டும். 'பாக்கி என்றால் பில் தொகையில் கட்டியது போக மீதி' என்று கடைப்பேச்சையும் எழுதுங்கள். ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் பதிவாகியிருக்க, கேள்வியில் 'மதுரை' என்று வந்தால் பிழையே காட்டாமல் வெற்று விடை வரும். அதனால் ஊர்ப்பட்டியலை இரு எழுத்திலும் கொடுங்கள். மாதிரிக் கேள்வியும் அதற்கான எஸ்க்யூஎல்லும் ஐந்தாறு ஜோடி சேருங்கள்.

மாடலின் விடை எவ்வளவு மாறலாம் என்பதைக் குறிக்கும் டெம்பரேச்சர் 0. கான்டெக்ஸ்ட் அளவை, அதாவது மாடல் ஒரே நேரத்தில் படிக்கும் உரையின் வரம்பை, 8192 டோக்கன் (சொல்துண்டு) ஆக்குங்கள். இடம் போதாவிட்டால் ஸ்கீமாவின் ஒரு பகுதி சத்தமில்லாமல் வெட்டுப்படும், டேபிளில் இல்லாத நெடுவரிசைப் பெயரை மாடல் கற்பனை செய்யும். வரும் எஸ்க்யூஎல்லை முதலில் எக்ஸ்பிளெயினில் (கட்டளையை நிறைவேற்றாமல் அதன் திட்டத்தை மட்டும் காட்டும் வசதி) ஓட்டுங்கள். பிழை வந்தால் அந்தச் செய்தியையே மாடலுக்குத் திருப்பி அனுப்புங்கள். இரண்டு முறைக்கு மேல் தவறினால் குறை பெரும்பாலும் உங்கள் விளக்கத்தில்தான்.

பிழையில்லாமல் ஓடித் தப்பான எண்ணைத் தரும் எஸ்க்யூஎல்தான் உண்மையான ஆபத்து. ஒரு பில்லில் 3 பொருள், 2 தவணை என்றால், இரண்டு டேபிளையும் ஜாயின் செய்ததும் (இணைத்ததும்) 6 வரிசை ஆகும், கூட்டுத்தொகை ஊதிவிடும். பொருளையும் தவணையையும் தனித்தனியே பில்வாரியாகக் கூட்டிய வியூக்களை வைத்து, அவற்றை ஜாயின் செய்தால் இது நேராது. நேரம் யூடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொதுநேரம்) பதிவாகியிருந்தால் காலை 5.30-க்கு முந்தைய விற்பனை முந்தைய நாளில் விழும். தேதி வரம்புக்குப் பிட்வீன் போட்டால் மாதக் கடைசி நாள் பிறக்கும் நள்ளிரவோடு கணக்கு அறுந்து, அந்த நாளின் விற்பனை விடுபடும். 'அடுத்த மாதம் 1-ஆம் தேதிக்குக் குறைவாக' என்று எழுதச் சொல்லுங்கள்.

விடையோடு எஸ்க்யூஎல்லையும் திரையில் காட்டுங்கள். விடை தெரிந்த 20 கேள்விகளை எடுத்துவைத்து, மாடலையோ ஸ்கீமாவையோ மாற்றும்போதெல்லாம் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.