சவுண்ட் கார்டு கேபிளில் இரைச்சலை விரட்டியது

சவுண்ட் கார்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு நானே செய்த கேபிளில் இரண்டு தொல்லைகள்: வயரைத் தொட்டால் கூடும் ரீங்காரம், மவுசை நகர்த்தினால் கேட்கும் கீச்சொலி. இரண்டுக்கும் காரணம் வேறு.

ரீங்காரம் ஷீல்டு, அதாவது வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை, இல்லாததால் வந்தது. பின்னல் ஷீல்டு உள்ள இரண்டு கோர் கேபிளுக்கு மாறினேன். 3.5 மி.மீ. ஸ்டீரியோ பிளக்கில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்டு, அதாவது சிக்னல் திரும்பும் இணைப்பு; பின்னல் சேர்வது இதில்தான். பின்னலைப் பிரித்து முறுக்கி, முதலில் ஈயம் பூசிக்கொண்டு, அப்புறம் சட்டென்று பற்றவைக்க வேண்டும். சூடு நீடித்தால் உள் இன்சுலேஷன் உருகிவிடும். ஒரே ஒரு இழை தப்பி நுனிப் பக்கம் தொட்டாலும் அந்தச் சேனல் ஊமைதான். மல்டிமீட்டரில் பார்த்த பிறகே மூடியைத் திருகினேன்.

ரீங்காரம் போயிற்று, கீச்சொலி போகவில்லை. அது கிரவுண்டு லூப், அதாவது இரு கருவிகளின் எர்த் இணைப்புகளும் கேபிளும் சேர்ந்து உண்டாக்கும் மின் வளையம். கணினியும் ஆம்ப்ளிஃபயரும் ஏற்கெனவே எர்த் ஆகியிருக்க, ஷீல்டு அந்த வளையத்தை மூடிவிடுகிறது. சிக்னல் திரும்பும் பாதையும் அதுவே என்பதால் வெட்டிவிடவும் முடியாது. சிலர் பவர் கார்டின் எர்த் பின்னைக் கழற்றச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு. சேனலுக்கு ஒன்றாக 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் (நேரடிக் கம்பித் தொடர்பு இல்லாமல் சிக்னலை அதே அளவில் கடத்துவது) வைத்தேன், இரு பக்கக் கிரவுண்டும் ஒன்றையொன்று தொடாதபடி. கீச்சொலி அடியோடு நின்றது.