கம்பியில் உரசும் கிளையை மின்தடை நாளில் வெட்டுங்கள்

வீட்டு மரத்தின் கிளை மின்கம்பியில் உரசுகிறதா? உங்கள் பகுதிக்கு அடுத்த பராமரிப்பு மின்தடை எப்போது என்று ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் கேட்டு, உதவிப் பொறியாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அன்றைக்கே உங்கள் மரம் வெட்டும் ஆளையும் வரச் சொல்லிவிடுங்கள்.

அன்று லைன் எப்படியும் நிறுத்தப்படும். உங்களுக்காகத் தனியாக நிறுத்த வேண்டியதில்லை. ஊழியர்களுக்கோ ஒரே பகலில் பல தெரு வேலை, எட்டிய இடத்தில் வெட்டிவிட்டுப் போக வேண்டியிருக்கும். அப்படி அரைகுறையாக நிற்கும் கட்டையிலிருந்து, வேம்பானாலும் புங்கனானாலும், கொத்துக் கொத்தாகத் துளிர் கிளம்பி மறுபடியும் கம்பியைத் தொடும். உங்கள் ஆள் இருந்தால், கிளையின் அடியில் தடித்திருக்கும் வளையத்தைக் காயப்படுத்தாமல் அதை ஒட்டி வெட்டச் சொல்லலாம். காயமும் நன்றாக மூடும்.

வீட்டில் கரண்ட் இல்லை என்பதை நம்பி அரிவாளைத் தூக்காதீர்கள். யார் வீட்டு ஜெனரேட்டரிலிருந்தாவது மின்சாரம் கம்பிக்குத் திரும்பி வரலாம். லைன்மேன் எர்த் போட்டு (கம்பியைத் தரையோடு இணைத்து), சரி என்று சொன்ன பிறகுதான் மரத்தில் ஏற வேண்டும்.

உயரழுத்தக் கம்பி அருகே இது வேண்டாம், அதை அவர்களே வெட்டட்டும். கிளை முறிந்து கம்பிமேல் கிடந்தாலோ தீப்பொறி பறந்தாலோ மின்தடை நாளுக்குக் காத்திராமல் ஈ.பி.யின் புகார் மையமான மின்னகத்தை அழையுங்கள்: 94987 94987. அப்புறம், கம்பி வருவதற்கு முன்பே நின்ற மரம் என்றால், 2003 மின்சாரச் சட்டத்தின் 68ஆம் பிரிவில் இழப்பீட்டுக்கும் வழி இருக்கிறது.