இன்சுலின் போட்டும் சர்க்கரை இறங்கவில்லையா? முதலில் வயிற்றைத் தடவிப் பாருங்கள்

அம்மாவுக்குக் காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின். போட்டுவிடுவது நான். சில மாதங்களுக்கு முன் வெறும் வயிற்றில் ஒரு நாள் 130, மறுநாள் 260 என்று மீட்டர் ஆட்டம் காட்ட ஆரம்பித்தது. சாப்பாடு அதே இட்லி, அதே நேரம். யூனிட் மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பார்த்தால் கோளாறு மருந்தில் இல்லை, நான் குத்திய இடத்தில். எத்தனை யூனிட் என்பதை டாக்டர் சொல்வார். எப்படிப் போடுவது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. நேரம்

ரத்தத்தில் வந்து சேரும் சர்க்கரையைத் தசைக்கும் கொழுப்புக்கும் உள்ளே அனுப்புவது இன்சுலின். கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து சர்க்கரையை இறக்கிவிடுவதையும் அதுதான் அடக்கும். "ராத்திரி ஒன்றும் சாப்பிடவில்லையே, காலையில் எப்படி 200?" என்று அம்மா கேட்பார். கல்லீரல் செய்யும் வேலை அது.

30/70-இல் 30 பங்கு வேகமானது, அந்த வேளைச் சாப்பாட்டைச் சமாளிக்க. 70 பங்கு மெதுவானது, பல மணி நேரம் நிற்கும். வேகமானதே வேலையைத் தொடங்க அரை மணி ஆகும் என்பதால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடச் சொல்கிறார்கள். ஊசி போட்டுவிட்டுக் குக்கரை ஏற்றாதீர்கள். விசில் அடங்கியபின் ஊசியை எடுங்கள்.

2. கலக்குவது

மெதுவான பங்கு குப்பியின் அடியில் படிந்திருக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவில் 10 தடவை உருட்டி, 10 தடவை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஒரே சீராகப் பால் போல வர வேண்டும். இருமல் மருந்து மாதிரி குலுக்க வேண்டாம், நுரை வரும்.

3. இடம் (நான் சறுக்கியது இங்கேதான்)

தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு இடத்தைக் காட்டி, "அங்கேயே போடுடா, வலிக்கவே இல்லை" என்பார் அம்மா. நானும் மாதக்கணக்கில் அங்கேயே போட்டேன். ஒரு நாள் பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் அக்கா விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கடியில் ரப்பர் மாதிரி ஒரு தடிப்பு.

ஒரே இடத்தில் இன்சுலின் இறங்கிக்கொண்டே இருந்தால் அங்கே கொழுப்பு தடித்துப்போகும். தடித்த இடத்தில் உணர்ச்சி குறைவு, அதனால் வலிக்காது. வலிக்கவில்லை என்று மறுபடியும் அங்கேயே குத்துவோம். ஆனால் அந்தத் தடிப்பிலிருந்து மருந்து ஒரு நாள் போல ஒரு நாள் ரத்தத்துக்குப் போகாது. கண்ணுக்குத் தெரியாத தடிப்புகூட, குளிக்கும்போது சோப்புக் கையால் தடவினால் தட்டுப்படும்.

சரி, இடத்தை மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அம்மாவுக்கு வியர்வை, கை நடுக்கம். மீட்டரில் 62. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பார்த்தேன். 94. நல்ல இடத்தில் மருந்து முழுசாக வேலை செய்ததும் ஏற்றி வைத்த யூனிட் அதிகமாகிவிட்டது. டாக்டர் அன்றே குறைத்தார். ஆகவே தடிப்பு தட்டுப்பட்டால் இடம் மாற்றும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது எங்கள் முறை: காலையில் வயிறு, இரவில் தொடை. வயிற்றிலிருந்து மருந்து சீக்கிரம் ஏறும், தொடையிலிருந்து மெதுவாக. அதனால் எந்த வேளைக்கு எந்தப் பகுதியோ அதை மாற்றுவதில்லை. வயிற்றை நான்கு கட்டமாக மனதில் கோடு போட்டு வாரம் ஒரு கட்டம், அதற்குள் தினமும் ஒரு விரல் தள்ளி. தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டுவிடுவேன். மறக்காமலிருக்கத் தினசரி காலண்டர் தாளில் ஒரு புள்ளி.

4. குத்துவது

தோலை மெல்ல மடித்துப் பிடித்து, குத்தி, மெதுவாக அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுங்கள். உடனே உருவினால் மருந்து கசியும். தேய்க்கக் கூடாது.

தனக்குத்தானே போட்டுக்கொள்பவர்களுக்கு என் ஓட்டு இன்சுலின் பேனாவுக்குத்தான் (பேனா வடிவில் மருந்தை உள்ளேயே வைத்திருக்கும் ஊசிக் கருவி), 4 மி.மீ. ஊசியோடு. முதலில் 2 யூனிட் காற்றில் விட்டுப் பாருங்கள், சொட்டு வர வேண்டும். ஊசியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மழுங்கின ஊசியையே திரும்பத் திரும்பப் போட்டாலும் தடிப்பு வரும்.

பிறகு சேர்த்தது: கடையில் கொடுத்த ஆரஞ்சு மூடி சிரிஞ்சால் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நம் ஊர்க் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே இருப்பது 8 யூனிட்தான். திருப்பிச் செய்தால் ஆபத்து: 100 மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் 20 வரை எடுத்தால் 50 யூனிட். பேனா மருந்து பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட் என்பதால் அதிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சவே கூடாது. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே நின்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று: கரண்ட் போனால் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். பிரிக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், ஃபிரீசரில் உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். தினமும் எடுக்கும் குப்பியை அக்னி நட்சத்திரத்தில் நான் சின்ன மண்பானைக்குள் வைக்கிறேன். அதை ஈர மணல் நிரப்பிய பெரிய பானைக்குள் இறக்கி, மணலில் தினம் ஒரு சொம்பு தண்ணீர். பிரித்த தேதியைக் குப்பியிலேயே பேனாவால் எழுதிவிடுவேன். 28 நாள் ஆனால் மிச்சம் இருந்தாலும் வேறு குப்பி.