காவிரியில் தனியாகக் கயாக் ஓட்ட: பவானி கூடுதுறை முதல் முக்கொம்பு வரை

சென்னையில் இருந்துகொண்டு காவிரியில் தனியாகப் படகு விட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கயாக் வாங்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் துடுப்புப் போடலாம் என்றுதான். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு. படகு, தண்ணீர், துணிமணி, சமையல் சாமான் எல்லாவற்றையும் ஒருத்தராகவே தூக்கிக்கொண்டு மேடும் கல்லும் முள்ளுமாக இருக்கும் கரையில் அரை கிலோமீட்டர் நடக்க முடியுமா? ஏனென்றால் மேட்டூருக்குக் கீழே காவிரி தடையில்லாமல் ஓடும் ஆறு கிடையாது. ஆற்றின் குறுக்கே மதகுகளோடு கட்டிய கதவணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஒவ்வொன்றிலும் இறங்கிச் சுமந்துதான் தாண்ட வேண்டும், உதவிக்குக் கூட யாரும் இல்லை.

மேட்டூரிலேயே தொடங்கினால் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு மின் கதவணைகள் அடுத்தடுத்து வரும். முதல் தடவை போகிறவர்களுக்கு அது வேண்டாம். பவானி கூடுதுறையில் தொடங்குங்கள். அதற்குக் கீழேயும் சமயசங்கிலி, வெண்டிபாளையம், பாசூர், ஜேடர்பாளையம், மாயனூர் என்று போதுமான அளவுக்குச் சுமை இருக்கிறது. மேட்டூருக்கு மேலே, ஒகேனக்கல் பக்கம் போகவே நினைக்காதீர்கள். அங்கே பாறை, அருவி, முதலை எல்லாம் உண்டு, இரு கரையும் வனத்துறை வசம்.

படகு விஷயம் சுருக்கமாக: காற்றடைத்து ஓட்டும் கயாக் பன்னிரண்டு, பதினைந்து கிலோவுக்குள் அடங்கும், மடித்தால் ரயிலில் பெட்டியோடு பெட்டியாகப் போய்விடும். கெட்டியான பிளாஸ்டிக் கயாக் வேகமாகப் போகும்தான், ஆனால் அதன் எடை தனி ஆளின் தோளுக்கு அதிகம், ஊர் கொண்டுபோக லாரி பார்சலும் பிடிக்க வேண்டும். நான் காற்றுக் கயாக் பக்கம். பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு உபரித் துடுப்பு, சின்னச் சக்கரவண்டி கட்டாயம். கயிறும் தார்பாயும் பாரிமுனையில் வாங்கிக்கொள்ளலாம். லைஃப் ஜாக்கெட்டில் மட்டும் காசு பார்க்காதீர்கள், அதைத் தண்ணீரில் இருக்கும் வரை கழற்றவும் கூடாது. ஜாக்கெட்டின் நெஞ்சுப் பக்கத்தில் விசிலும் ஒரு சின்னக் கத்தியும் இருக்கட்டும். கத்தி எதற்கென்றால் நைலான் வலைக்கு. காலையில் மீனவர்கள் குறுக்கே கட்டிய வலை தண்ணீருக்கு ஒரு சாண் கீழே கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும். மிதக்கும் தெர்மாகோல் துண்டும் காலி பாட்டிலும் வரிசையாகத் தெரிந்தால் சுற்றிப் போங்கள். வலை அவர்கள் பிழைப்பு, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கத்தியை எடுங்கள்.

பயிற்சிக்கு முட்டுக்காடு போதும். கோவளம் பக்கம் கயாக் வாடகைக்குக் கிடைக்கிறது. காலையில் குளம் மாதிரி கிடக்கும் அந்தக் கழிமுகத்தில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும், அந்த நேரத்தில்தான் நீங்கள் ஓட்டிப் பழக வேண்டும், அதுவும் முழுச் சுமையோடு, எதிர்காற்றில். அப்புறம் வேண்டுமென்றே கவிழ்ந்து, கரைக்கு நீந்தாமல் தண்ணீரிலேயே திரும்பப் படகில் ஏறிப் பாருங்கள். ஆள் துணையோடு இதைப் பத்துத் தடவை செய்து, பத்திலும் ஏற முடிந்தால்தான் டிக்கெட் போடுங்கள். அடையாற்றிலோ கூவத்திலோ இதைச் செய்ய வேண்டாம், அந்தத் தண்ணீர் வாயில் போகக் கூடாது.

எப்போது போவது? இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் பாசனத்துக்குத் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள், அணையில் தண்ணீர் போதாத ஆண்டுகளில் தேதி தள்ளிப்போகும். ஆடியில் ஆறு அழகாகத்தான் இருக்கும். ஆனால் கர்நாடகத்தில் மழை வலுத்து அணை 120 அடியைத் தொட்டுவிட்டால் உபரி நீர் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேலும் வரும். 2018 ஆகஸ்டில் அப்படி வந்த வெள்ளத்தில்தான் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் மதகுகள் அடித்துக்கொண்டு போயின. என் தேர்வு டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை. வெயில் குறைவு, வெளியேற்றமும் பெரும்பாலும் நிதானம். மேட்டூரின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் மூன்றும் தினமும் செய்தியில் வருகின்றன, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே குறித்து வையுங்கள். பவானிசாகரையும் பாருங்கள், அந்தத் தண்ணீரும் கூடுதுறையில் வந்து சேர்கிறது. வெளியேற்றம் சில ஆயிரம் கன அடியில் ஆடாமல் நின்றால் போகலாம். நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், லீவு போனால் போகட்டும்.

சரி, கதவணைக்கு வருவோம். மேலிருந்து வரும்போது அது ஆபத்தாகவே தெரியாது. ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு முன்பே ஓட்டம் செத்து, ஆறு ஏரி போல அகன்று, ஆகாயத்தாமரை மிதக்க ஆரம்பிக்கும். தூரத்தில் பாலம் மாதிரி ஒரு கோடு தெரியும். அங்கேயே கரை ஒதுங்குங்கள். கிட்டே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம், மதகு திறந்திருந்தால் மேற்பரப்பு அசையாமல் இருக்கும்போதே அடியில் இழுவை இருக்கும். தாழ்வான தடுப்பணை இன்னும் மோசம். விழும் தண்ணீர் அணையின் காலடியில் திரும்பத் திரும்பச் சுருண்டு, உள்ளே போன ஆளையும் படகையும் வெளியே விடாமல் உருட்டும், நீச்சல் தெரிந்தாலும் பயனில்லை.

எந்தக் கரையில் ஏறுவது என்பதைப் பரிசல்காரர்களிடம் கேட்பதுதான் நல்லது. “அண்ணா, கதவணைக்கு எந்தப் பக்கம் ஏறட்டும்?” என்றால், “சோத்தாங்கைப் பக்கம் ஒதுங்கிக்குங்க தம்பி, அந்தப் பக்கம் போனீங்கன்னா மதகு இழுத்துரும்” என்பார். அவர் உங்களைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னால் அவருடைய வலது உங்களுக்கு இடது. அதனால் உடனே, “ஈரோட்டுக் கரைங்களா, நாமக்கல் கரைங்களா?” என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கரூர் தாண்டிவிட்டால் குளித்தலைக் கரை, முசிறிக் கரை.

நடு ஆற்றில் இறங்கி நடக்காதீர்கள். மணல் அள்ளிய குழிகள் ஆளுயரத்துக்கு மேல் இருக்கின்றன, முழங்கால் தண்ணீரில் வைத்த அடுத்த அடி தரை தொடாமல் போகும். தரை தட்டி இறங்கியே ஆக வேண்டுமென்றால் துடுப்பால் குத்திப் பார்த்துப் பார்த்து, படகை ஒரு கையில் பிடித்தபடி நகருங்கள்.

மணல்திட்டில் படுப்பதும் வேண்டாம். மின் உற்பத்திக்காக இரவில் தண்ணீர் ஏறி இறங்கும். கரையில் தங்கினாலும் நீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டு, அரைமணி கழித்து விளிம்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கொடுமுடி போன்ற கோயில் ஊர்களில் விடுதி கிடைக்கும், நான் அதையே சொல்வேன். வெளியே படுப்பதாக இருந்தால் உள்ளூர் காவல் நிலையத்தில் ஆதார் நகலோடு தகவல் சொல்லிவிடுங்கள், இருட்டில் ஆற்றோரம் தனியாக நிற்கிறவரை மணல் திருட வந்தவர் என்று நினைக்க இடமுண்டு. கிளம்பும் முன் நீர்வளத் துறையிடமும் பேசுங்கள். ஆற்றில் இறங்கத் தடை போட்டிருந்தால் அதோடு சரி.

ஆற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், வடிகட்டியும்கூட. பவானி, பள்ளிபாளையம் பக்கத்துச் சாயக்கழிவும், நொய்யல் கொண்டுவரும் திருப்பூர்க் கழிவும் இந்த ஆற்றில்தான் கலக்கின்றன. கைவடிகட்டி கிருமியைத் தடுக்கும், கரைந்த ரசாயனத்தைத் தடுக்காது. ஊருக்கு ஊர் கேன் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கொடுமுடியில் ஆறு கிழக்கே திரும்பும். ஜனவரியில் அங்கிருந்து காற்று பெரும்பாலும் முகத்தில் அடிக்கும், முட்டுக்காட்டுப் பயிற்சி அப்போது கைகொடுக்கும். விடிந்ததும் கிளம்பி பதினொரு மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். சுமந்து தாண்டும் நேரத்தையும் சேர்த்து நாளுக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள். காலை, மதியம், மாலை வீட்டுக்கு இருப்பிடம் அனுப்புங்கள். மாலைச் செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று அம்மாவிடமோ நண்பரிடமோ எழுதியே கொடுத்துவிட்டுப் போங்கள்.

முக்கொம்பில் மேலணைக்கு நன்றாக முன்பே ஏறிவிடுங்கள். அதற்குக் கீழே காவிரி கல்லணையில் மறுபடி பிரிந்து மெலிந்துகொண்டே போகும், கொள்ளிடத்திலோ அணைக்கரைப் பக்கம் முதலைகள் உண்டு. போக ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஈரோடு, அங்கிருந்து பவானிக்கு பஸ். வர திருச்சியிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். படகை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து மடியுங்கள், எழும்பூரில் இறங்கி வீட்டுக்குப் போனதும் மொட்டை மாடியில் நிழலாகப் பார்த்து மறுபடி விரித்துக் காயவிடுங்கள். மடிப்பில் ஈரம் இருந்தால் ஒட்டுகள் விட்டுப்போகும்.