ஆணை வந்துவிட்டது, பணம் வந்ததா? பெண்களுக்கான சட்ட உதவித் திட்டத்தை மதிப்பீடு செய்வது எப்படி?

ஒரு இலவச சட்ட உதவித் திட்டத்தை மதிப்பீடு செய்யச் சொல்லி முதல் முறையாக உங்களை அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போய் உட்கார்ந்ததுமே ஆண்டறிக்கையை நீட்டுவார்கள். இத்தனை முகாம், இத்தனை கிராமம், இத்தனை துண்டறிக்கை, இத்தனை மனு. கூடவே பேனருக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோக்கள். அதில் எதுவும் பொய் இல்லை. உழைத்திருக்கிறார்கள். ஆனால் அதை மட்டும் வைத்து மதிப்பீடு எழுத முடியாது. ஜீவனாம்சம் கேட்டு வந்த பெண்ணின் கைக்கு அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததா? அடி தாங்காமல் ஓடி வந்தவர் இன்றைக்கு எந்த வீட்டில், யாரோடு இருக்கிறார்? இந்த இரண்டுக்கும் பதில் தேடிப் போவதுதான் நம் வேலை.

தமிழ்நாட்டில் ஒரு தாலுகா அளவில், இலவச சட்ட உதவிக்கான அரசு அமைப்பான வட்ட சட்டப்பணிகள் குழுவோடு சேர்ந்து ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் திட்டத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரிய திட்டமானாலும் வழி இதேதான், ஆட்களும் நாட்களும் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: சட்டம் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்

திட்ட அறிக்கையைப் படிப்பதற்கு முன் சட்டத்தைப் படியுங்கள். ஏழை என்பதால் யாருக்கும் நீதி மறுக்கப்படக்கூடாது என்று இலவச சட்ட உதவியைப் பற்றிச் சொல்லும் 39ஏ பிரிவு, 1976ஆம் ஆண்டின் 42வது திருத்தத்தால் அரசியலமைப்புக்குள் வந்தது. அதற்கு உருவம் கொடுத்த சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987இல் நிறைவேறி, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் 12வது பிரிவை நிதானமாகப் படியுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆள்கடத்தலுக்கு ஆளானவர்கள், சிறையில் இருப்பவர்கள் எனப் பட்டியல் நீளும். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பெண் என்றாலே போதும்.

இதிலிருந்தே உங்கள் முதல் கேள்வி கிடைத்துவிடுகிறது. உதவி கேட்டு வந்த பெண்ணிடம் வருமானச் சான்றிதழ் கேட்டார்களா? கேட்டிருந்தால், அதை வாங்க அவர் எத்தனை நாள் அலைந்தார்? திரும்பி வராமலே போனவர்கள் எத்தனை பேர்?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இதே மாதிரி படியுங்கள். மனு வந்ததிலிருந்து சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. இந்தத் தேதிகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் அளக்கும்போது கையில் இருக்க வேண்டிய அளவுகோல் இதுதான்.

படி 2: மதிப்பீடு யாருக்காக?

நிதி கொடுத்தவருக்கா, நடத்துபவர்களுக்கா, இரண்டு பேருக்குமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கூடவே, திட்டம் எப்படி வேலை செய்யும் என்று அவர்கள் நம்புகிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து எழுதுங்கள். முகாமுக்கு வருவார்கள், விவரம் தெரிந்துகொள்வார்கள், மனு போடுவார்கள், ஆணை வரும், வாழ்க்கை மாறும் என்பார்கள். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுகிறது என்றுதான் பார்க்கப் போகிறீர்கள்.

படி 3: பதிவேட்டில் உட்காருங்கள்

இதற்கு குறைந்தது இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். முதலில் பேட்டிக்குக் கிளம்ப வேண்டாம். பதிவேட்டை வரிவரியாகப் படிக்காமல் பேட்டிக்குப் போனால், எதைக் கேட்பது என்றே தெரியாது.

பெயர் இருக்கும் இடத்தில் ஓர் எண் கொடுத்து, உங்கள் நோட்டில் எண்ணை மட்டும் எழுதுங்கள். வந்த தேதி, பிரச்சினை, மனு போட்ட தேதி, வழக்கு எண், பேனல் வக்கீல் (சட்ட உதவி வழக்குகளுக்கென்று பட்டியலில் உள்ள வக்கீல்) நியமிக்கப்பட்ட தேதி, முடிவு. பழைய பதிவேட்டில் பாதிக் கட்டங்கள் காலியாகத்தான் இருக்கும். காலிக் கட்டங்களையும் எண்ணி எழுதுங்கள். எது பதிவாகவில்லை என்பதே, எதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை என்று காட்டிவிடும்.

'முடிவு' என்ற கட்டத்தில் ஒரு சொல் அடிக்கடி வரும். சமரசம். இதைப் பார்த்ததும் நில்லுங்கள். சொத்துத் தகராறில் சமரசம் நல்ல முடிவாக இருக்கலாம். அடி உதை என்று வந்த பெண்ணின் பெயருக்கு நேரே அதே சொல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? பணம், வீடு, பாதுகாப்பு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு முடிந்ததா? அல்லது 'குழந்தைங்க முகத்தைப் பார்த்துப் போம்மா' என்று சொல்லி அனுப்பினார்களா? இரண்டுமே 'தீர்க்கப்பட்டவை' கணக்கில்தான் ஏறும். நான் பார்த்த ஒரு பதிவேட்டில், மார்ச் மாதம் சமரசம் என்று முடிந்த ஒரு பெண்ணே செப்டம்பரில் புதிய மனுதாரராக மறுபடியும் வந்திருந்தார். ஆண்டறிக்கையில் அது இரண்டு பயனாளிகள். அதனால் ஊர், வயது, கணவர் பெயர் மூன்றையும் வைத்து, திரும்பி வந்தவர்களைத் தேடி எடுத்துவிடுங்கள்.

படி 4: ஒவ்வொரு வழக்கையும் கடைசி வரை துரத்துங்கள்

எல்லா வழக்கையும் பார்க்க நேரம் இருக்காது. பதிவேட்டிலிருந்து ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று என்று நீங்களே எண்ணி எடுங்கள். அலுவலகத்தார் 'நல்ல கேஸ்' என்று எடுத்துக் கொடுப்பதை நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வழக்கு எண் கிடைத்தால், நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் பெரும்பாலான வழக்குகளின் வாய்தா விவரம் கிடைக்கும். எந்தெந்தத் தேதியில் எதற்காகத் தள்ளிப்போனது என்று பாருங்கள். சம்மன் சார்வாகவில்லை (எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேரவில்லை) என்றே ஆறேழு வாய்தா போயிருந்தால், விலாசத்தைச் சரிபார்த்துக் கொடுத்தார்களா, மாற்று வழியில் சார்வு செய்ய மனு போட்டார்களா என்று கேட்க வேண்டும்.

வழக்குக் கட்டையும் திறந்து பாருங்கள். இரண்டு விஷயம் போதும். இடைக்கால நிவாரணம், அதாவது வழக்கு முடியும் வரைக்கான உதவி, கேட்டிருக்கிறார்களா? அப்புறம், ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து பற்றிய பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அந்த வாக்குமூலம் கட்டில் இல்லாவிட்டால், வக்கீல் வேலையின் தரத்தைப் பற்றி எழுத உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது.

பிறகு ஒரு தாளில் படிக்கட்டு வரையுங்கள். கணக்குக்காக 100 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனு போட்டவர் 60, இடைக்கால ஆணை கிடைத்தவர் 25, இறுதி ஆணை கிடைத்தவர் 18, பணம் ஒழுங்காக வருகிறது என்பவர் 6. இந்தத் தாள் ஒன்றே பத்துப் பக்க அறிக்கைக்குச் சமம். முந்தைய படி வரை வந்தவர்களில் அதிக விகிதத்தினர் எந்தப் படியில் விழுகிறார்களோ, அங்கேதான் அடுத்த ஆண்டின் பணமும் ஆளும் போக வேண்டும். என் அனுபவத்தில் பெரிய வீழ்ச்சி கடைசிப் படியில்தான்.

அது ஏன் என்று சொல்கிறேன். ஒரு ஊரில் ஒரு அக்கா மஞ்சப்பையைத் தரையில் கவிழ்த்தார். கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஆஸ்பத்திரி ஓபி சீட்டு, நடுவில் எட்டாக மடித்து வைத்திருந்த ஆணை நகல். மாதம் 4,000 ரூபாய். ஆணை வந்து 14 மாதம் ஆகியிருந்தது, ஒரு ரூபாய்கூட வரவில்லை. 'கோர்ட்டே சொல்லிடுச்சே, கொடுக்காமலா போயிடுவார்னு இருந்துட்டேன்' என்றார். ஜீவனாம்ச ஆணையை நிறைவேற்றச் சொல்லித் தனியாக ஒரு மனு போட வேண்டும், அதையும் ஒவ்வொரு மாதப் பணமும் பாக்கியான தேதியிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தொகைக்கு வாரண்ட் பிறப்பிக்க முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125வது பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144வது பிரிவிலும் அப்படியே இருக்கிறது. அவருக்கு இதை யாரும் சொல்லவில்லை. முதல் இரண்டு மாதத்தின் 8,000 ரூபாய் அந்த வழியில் கிடைக்காமல் போயிருந்தது. மாதம் ஒன்று கழியும்போதெல்லாம் இன்னொரு 4,000 கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'வெற்றி' என்று எழுதியிருந்தார்கள்.

அதனால், ஆணை வந்த எல்லோரிடமும் கேளுங்கள்: நிறைவேற்று மனு பற்றி யாராவது சொன்னார்களா? எப்போது சொன்னார்கள்?

படி 5: பெண்களிடம் பேசப் போகும்போது

இதில் கவனம் தவறினால் உங்கள் மதிப்பீட்டால் ஒருவர் அடி வாங்க நேரிடலாம். அப்படி ஒரு மதிப்பீடே தேவையில்லை.

போனில் வேறு யாராவது எடுத்தால் வழக்கு என்ற பேச்சே வேண்டாம். சொல்ல ஒரு சாதாரணக் காரணத்தைச் சட்டத் தன்னார்வலரோடு (மக்களுக்கும் சட்ட உதவி அலுவலகத்துக்கும் இடையில் உதவுபவர்) பேசி முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். திட்டத்தின் பெயர் எழுதிய வண்டியில் வாசலில் போய் இறங்காதீர்கள். இடத்தையும் நேரத்தையும் அவரே சொல்லட்டும். நூறு நாள் வேலை முடிந்து வரும் வழியோ, அங்கன்வாடியோ, எதுவானாலும் சரி. பெண்ணிடம் பெண் பேசுவது நல்லது. போட்டோ வேண்டாம், ஒலிப்பதிவும் தேவையில்லை. பதில் சொல்ல மறுத்தாலும் அவருடைய வழக்குக்கு ஒரு பாதிப்பும் வராது என்று முதலிலேயே புரியும்படி சொல்லுங்கள்.

அடித்த கதையைத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். நமக்கு அது தேவையே இல்லை. நாம் மதிப்பிடுவது சட்ட உதவியை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். பேசும்போதே அவர் ஆபத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் நோட்டை மூடிவிடுங்கள். பெண்களுக்கான 181, சட்ட உதவிக்கான 15100, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும், பக்கத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையம், இவற்றோடு அவரை இணைப்பதுதான் அப்போதைய வேலை.

செலவுக் கேள்வியைச் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். சட்ட உதவி வக்கீல் கட்சிக்காரரிடம் பணம் வாங்கக்கூடாது. ஆனால் 'வக்கீலுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?' என்று நேராகக் கேட்டால் 'ஒண்ணும் இல்லைங்க' என்றுதான் வரும். 'பஸ்ஸு, ஜெராக்ஸ், டைப்பிங், அது இதுன்னு ஒரு வாய்தாவுக்கு எவ்வளவு ஆகுதுக்கா? அன்னைக்கு வேலைக்குப் போக முடியுதா?' என்று கேளுங்கள். அந்த அது இதுவில் உண்மை வெளியே வரும். ஒரு வாய்தாவுக்கு ஆகும் செலவையும் இழந்த கூலியையும் கூட்டி, வாய்தாக்களின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். இலவசம் என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த விலை தெரிந்துவிடும்.

படி 6: வராதவர்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். உங்கள் பதிவேட்டில் எத்தனை பேர்? மாற்றுத்திறனாளிகள் ஏன் இல்லை, அலுவலகம் மாடியில் இருப்பதாலா? முகாம் ஊர்த் தெருவில் மட்டும் நடந்ததா, காலனியிலும் நடந்ததா? பிள்ளைகள் கைவிட்ட வயதானவர்கள், பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம். ஒரு தன்னார்வலர் எழுதிக்கொடுத்தால் போதும். அப்படி எத்தனை மனு எழுதிக்கொடுத்தார்கள்? திட்டம் எட்டாத இரண்டு ஊர்களில் அரை நாள் உட்கார்ந்து பேசினாலே இதற்கெல்லாம் பதில் கிடைக்கும்.

படி 7: வக்கீல், தன்னார்வலர், பாதுகாப்பு அலுவலர்

பாதுகாப்பு அலுவலர் என்பவர் குடும்ப வன்முறைச் சட்டப்படி பெண்களுக்கு உதவ நியமிக்கப்பட்டவர். இவர்கள் யாரும் குற்றவாளிகள் அல்ல. அப்படிப் பேச்சைத் தொடங்காதீர்கள். ஒரு பேனல் வக்கீலிடம் எத்தனை வழக்கு இருக்கிறது, மதிப்பூதியம் எத்தனை மாதம் பாக்கி, தன்னார்வலருக்குப் பஸ் காசு வருகிறதா என்று கேளுங்கள். வழக்குகளின் முன்னேற்றத்தைப் பார்க்கக் கண்காணிப்புக் குழு வேண்டும் என்று தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. அந்தக் குழு கடைசியாகக் கூடிய நாளின் குறிப்பை வாங்கிப் பாருங்கள்.

படி 8: எழுதுவது

படிக்கட்டுத் தாளை முதல் பக்கத்தில் வையுங்கள். பரிந்துரைகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் யார், எந்த மாதத்துக்குள் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். 'விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும்' என்று எழுதினால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. 'ஆணை வந்த ஏழு நாளுக்குள் தன்னார்வலர் நேரில் போய் நிறைவேற்று மனுவின் காலக்கெடுவைச் சொல்ல வேண்டும்' என்று எழுதுங்கள்.

அறிக்கை முடியும் வரை காத்திருக்கக் கூடாத ஒரு வேலை உண்டு. வழக்குகளைத் துரத்தும்போதே, பணம் வராத ஜீவனாம்ச ஆணைகளைத் தனித் தாளில் தேதியோடு எழுதிக்கொண்டே வாருங்கள். எந்தெந்தப் பாக்கிக்கு ஓர் ஆண்டு முடியப் போகிறது என்று குறித்து, அன்று மாலையே வட்ட சட்டப்பணிகள் குழு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, வாங்கியதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.