டிஎன்பி முடித்த நர்ஸ் கல்லூரி ஆசிரியராவது எப்படி? முதல் அடியிலிருந்து ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் டிஎன்பி (செவிலியப் பணித்திறனுக்கான டாக்டர் பட்டம்) முடித்துவிட்டுக் கற்பிக்கும் வேலைக்கு வர நினைப்பவர்களில் இரண்டு வகை உண்டு. "டாக்டர் பட்டமே வாங்கியாச்சு, பாடம் நடத்த வேறென்ன வேண்டும்?" என்பது ஒரு வகை. "பிஎச்.டி இல்லாத நம்மை யார் சேர்த்துக்கொள்வார்கள்?" என்று விண்ணப்பமே போடாமல் இருப்பது இன்னொரு வகை. இரண்டு பேருக்குமே நிலவரம் சரியாகத் தெரியவில்லை என்றுதான் சொல்வேன்.

ஆசிரியர் தட்டுப்பாடு நிஜம். அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் சங்கமான ஏஏசிஎன் கணக்குப்படி, 2023-இல் பி.எஸ்சி மற்றும் மேற்படிப்புகளில் தகுதியுள்ள விண்ணப்பங்களே 65,000-க்கு மேல் திருப்பி அனுப்பப்பட்டன. (விண்ணப்பங்கள்தான், ஆட்கள் அல்ல. ஒருவரே நாலு கல்லூரிக்குப் போட்டிருக்கலாம்.) ஆசிரியர்கள் போதாததும், பயிற்சிக்கு அனுப்ப மருத்துவமனை இடம் கிடைக்காததும் அதற்கு முக்கியக் காரணங்கள். அதனால் உங்களுக்கு இடம் இருக்கிறது. எந்த இடம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

படி 1: உங்கள் பட்டம் எதற்கானது என்று பாருங்கள்

2001-இல் கென்டக்கி பல்கலைக்கழகம் தொடங்கியதுதான் நாட்டின் முதல் டிஎன்பி படிப்பு. 2004-இல் ஏஏசிஎன் இந்தப் பட்டத்தை உயர்நிலை செவிலியப் பணிக்கான இலக்காக அறிவித்தது. 2006-இல் வந்த அதன் வழிகாட்டி ஆவணம், இளநிலைக்குப் பிறகு குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்றது. பிஎச்.டி புதிய அறிவை ஆய்வு செய்து கண்டுபிடிக்கப் பழக்குகிறது. டிஎன்பியோ கண்டுபிடித்ததை வார்டுக்கும் கிளினிக்குக்கும் கொண்டுவரப் பழக்குகிறது.

அதே 2006 ஆவணம் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறது: இந்தப் படிப்பின் மையம் பணித்திறன்தான், ஆசிரியராக விரும்புகிறவர்கள் கற்பித்தல் முறைகளில் கூடுதலாகப் பயிற்சி பெற வேண்டும். நேர்காணல் குழுவில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "டிஎன்பி இருக்கிறது, ஆகவே கற்பிப்பேன்" என்று நீங்கள் சொன்னால், அடுத்த கேள்வி எந்தப் பக்கம் வரும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

படி 2: எந்த வகைக் கல்லூரி, எந்தத் தடம்

கம்யூனிட்டி கல்லூரிகளில் இரண்டாண்டு நர்சிங் படிப்பு இருக்கும். அங்கே முழுநேர ஆசிரியருக்குப் பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் போதும், டிஎன்பி கூடுதல் பலம். வகுப்பு, ஆய்வகம், மருத்துவமனை என மூன்றிலும் மாணவர்களோடு இருக்கலாம். ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்லி யாரும் துரத்த மாட்டார்கள்.

பல்கலைக்கழகங்களில்தான் தடம் என்ற விஷயம் வரும். நிரந்தரப் பணி உறுதி தரும் டென்யூர் தடம் ஒன்று, ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகும் கிளினிக்கல் தடம் இன்னொன்று. ஆராய்ச்சிக்குப் பெயர்போன பல்கலைக்கழகங்கள் டென்யூர் தடத்துக்கு எதிர்பார்ப்பது பிஎச்.டியும் ஆய்வு நிதி கொண்டுவரும் திறனும்தான். கற்பித்தலுக்கு முக்கியத்துவம் தரும் பல்கலைக்கழகங்கள் சில டிஎன்பிக்கும் டென்யூர் தருகின்றன. ஆனால் டிஎன்பி படித்தவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்வது கிளினிக்கல் தடத்தில்தான். அதிலும் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று படிநிலை உண்டு. அதைத் தாழ்வாக நினைக்க ஒன்றுமில்லை.

நீங்கள் சான்றிதழ் பெற்ற நர்ஸ் ப்ராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் உயர்நிலை நர்ஸ்) என்றால் உங்களுக்குக் கிராக்கி அதிகம். அந்தப் பிரிவின் மருத்துவப் பாடங்களை அதே துறையில் பணிபுரியும் ப்ராக்டிஷனர்கள் எடுப்பதையே அங்கீகார அமைப்புகள் எதிர்பார்க்கின்றன. மனநலப் பிரிவுச் சான்றிதழ் உள்ளவருக்குப் பதிலாக வேறொருவரை உட்காரவைத்துச் சமாளிக்க முடியாது.

படி 3: கற்பிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதைத் தவிர்க்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம். நர்சிங் கல்விக்கென்றே முதுநிலைக்குப் பிந்தைய சான்றிதழ் படிப்புகள் பல பல்கலைக்கழகங்களில் உள்ளன, இணையவழியிலும் படிக்கலாம். முழுச் சான்றிதழுக்கு நேரமில்லையென்றால் பாடத்திட்டம் அமைத்தல், மதிப்பிடுதல், கற்பித்தல் முறைகள் என மூன்று பாடங்களையாவது எடுங்கள். அது பெரும்பாலும் ஒன்பது கிரெடிட் வரும்.

ஒன்பது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தேசிய நர்சிங் லீக் நடத்தும் சிஎன்இ என்ற நர்ஸ் கல்வியாளர் சான்றிதழ்த் தேர்வை எழுத, கல்வித் துறை சார்ந்த மேற்படிப்புப் பாடங்களில் ஒன்பது கிரெடிட் இருப்பது ஒரு வழி. கல்விப் பிரிவில் படிக்காதவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: கடந்த ஐந்து ஆண்டுக்குள் ஒரு நர்சிங் கல்லூரியில் இரண்டு ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். முதல் வேலைக்கே சிஎன்இ கேட்கும் கல்லூரிகள் குறைவு. பதவி உயர்வு நேரத்தில் அதன் மதிப்பு தெரியும்.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் இன்றே தங்கள் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "நர்ஸ் ஃபேகல்ட்டி லோன் திட்டத்தில் இந்தக் கல்லூரி இருக்கிறதா?" இது மத்திய அரசின் திட்டம். படிப்பு முடிந்து நான்கு ஆண்டு முழுநேர ஆசிரியராக இருந்தால் அந்தக் கடனில் 85 சதவீதம் வரை தள்ளுபடி. பட்டம் வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. முடித்துவிட்டவர்கள் நர்ஸ் கோர் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டத்தைப் பார்க்கலாம், தகுதியுள்ள கல்லூரிகளின் நர்சிங் ஆசிரியர்களும் அதற்கு விண்ணப்பிக்க முடியும்.

படி 4: பகுதிநேரமாக நுழையுங்கள்

இருக்கிற வேலையை விட்டுவிட்டு நேராக முழுநேர ஆசிரியராகச் சேருவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. முதலில் உங்கள் மருத்துவமனையிலேயே மாணவர்களுக்கு ப்ரிசெப்டராக, அதாவது பணியிடத்திலேயே கூட இருந்து கற்றுத்தரும் நர்ஸாக இருங்கள். அப்புறம் பக்கத்துக் கல்லூரியில் அட்ஜங்க்ட் (பகுதிநேர) கிளினிக்கல் ஆசிரியராக ஒரு செமஸ்டர் போய்ப் பாருங்கள். வாரத்தில் ஒருநாள், ஒரு மாணவர் குழு, ஒரு வார்டு. குழுவில் எத்தனை பேர் வரை இருக்கலாம் என்பது மாநில நர்சிங் போர்டு விதிப்படி மாறும். அந்த மாநிலத்தில் செல்லும் உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாணவர்கள் பக்கத்து மாநில மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்பது அந்த ஒரு செமஸ்டரிலேயே தெரிந்துவிடும். நீங்கள் ஒரு நிமிடத்தில் முடிக்கும் ட்ரெஸ்ஸிங்கை மாணவி இருபது நிமிடம் செய்வாள். கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நோயாளிக்குக் கெடுதல் வரும் இடத்தில் மட்டும்தான் குறுக்கே போகலாம். நல்ல நர்ஸ்களுக்கு இதுதான் கஷ்டம்.

படி 5: விண்ணப்பமும் மாதிரி வகுப்பும்

மருத்துவமனைக்குக் கொடுத்த அதே சிவியைக் கல்லூரிக்கும் அனுப்பாதீர்கள். நீங்கள் கற்பித்ததெல்லாம் முதலில் வரட்டும்: ப்ரிசெப்டர் பணி, புது நர்ஸ்களுக்கு எடுத்த பயிற்சி, சிமுலேஷன் ஆய்வகத்தில் உதவியது, மாநாட்டில் வைத்த போஸ்டர். உங்கள் டிஎன்பி திட்டத்துக்கு (படிப்புக்காக நீங்கள் செய்த தர மேம்பாட்டுப் பணி) தனித் தலைப்பு கொடுத்து, என்ன பிரச்சினை, என்ன மாற்றினீர்கள், என்ன அளந்தீர்கள் என்று மூன்று வரியில் எழுதுங்கள்.

கற்பித்தல் பற்றிய உங்கள் அணுகுமுறையை ஒரு பக்கத்தில் எழுதச் சொல்வார்கள். பெரிய தத்துவம் எல்லாம் வேண்டாம். ஒரு மாணவர் தவறு செய்யும்போது என்ன செய்வீர்கள் என்று எழுதினாலே படிப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மாதிரி வகுப்புக்குப் பெரும்பாலும் இருபது, முப்பது நிமிடம்தான் கிடைக்கும். நாற்பது ஸ்லைடோடு வருபவர்கள் அங்கேயே தோற்றுவிடுகிறார்கள். ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள், முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்பவர்களை ஒரு முடிவெடுக்க வையுங்கள். நீங்கள் எவ்வளவு தெரிந்தவர் என்பது சிவியிலேயே இருக்கிறது. அந்த அறையில் எல்லோரும் பார்ப்பது நீங்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கத் தெரிந்தவரா என்பதைத்தான்.

படி 6: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

சம்பளம் குறையும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 கணக்கில் நர்ஸ் ப்ராக்டிஷனரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 1,26,000 டாலர் அளவில் இருந்தது, நர்சிங் ஆசிரியருடையது 80,000 டாலர் அளவில். ஆனால் கல்லூரி ஒப்பந்தம் பல இடங்களில் ஒன்பது மாதத்துக்குத்தான். கோடையில் நீங்கள் கிளினிக்கில் வேலை பார்க்கலாம். ப்ராக்டிஷனர் சான்றிதழைப் புதுப்பிக்கப் பணி நேரமும் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், வாரத்தில் ஒருநாள் நோயாளிகளைப் பார்க்கக் கல்லூரி அனுமதிக்குமா, அது வேலை நேரத்துக்குள் வருமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

எல்லோரும் கோட்டைவிடுவது கிளினிக்கல் நேரக் கணக்கில்தான். வகுப்பில் ஒரு மணி நேரம் ஒரு கிரெடிட் என்றால், மருத்துவமனையில் மூன்று மணி நேரம் சேர்ந்தால்தான் ஒரு கிரெடிட் என்பது பல இடங்களில் வழக்கம். 12 மணி நேர ஷிஃப்ட் முழுக்க நின்றுவிட்டு வந்தாலும் ஏட்டில் நாலு மணி நேர வகுப்பெடுத்தவருக்குச் சமம்தான். அதனால் "எத்தனை கிரெடிட் வேலைப்பளு?" என்பதோடு நிறுத்தாமல், "அதில் எத்தனை மணி நேரம் வார்டில்?" என்றும் கேளுங்கள். முதல் செமஸ்டரில் புதுப் பாடங்கள் எத்தனை, தயாரிப்பதற்கு நேரம் குறைத்துத் தருவார்களா, மூத்த ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகப் போடுவார்களா என்றும் கேட்கலாம். இதையெல்லாம் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

படி 7: முதல் செமஸ்டரில் தேர்வுத்தாள்

பாடம் நடத்துவதைவிட நல்ல கேள்வி எழுதுவது கடினம். 2023 ஏப்ரலில் என்க்ளெக்ஸ் உரிமத் தேர்வு புது வடிவத்துக்கு மாறியது. மனப்பாடத்தைவிட மருத்துவ முடிவெடுக்கும் திறனை அது ஆழமாகச் சோதிக்கிறது: அறிகுறியைக் கண்டுகொள்வது, அதை ஆராய்வது, எது முக்கியம் என்று வரிசைப்படுத்துவது, தீர்வுகளை யோசிப்பது, செயல்படுவது, விளைவைப் பார்ப்பது. உங்கள் தேர்வுத்தாளும் அந்தப் பாதையில் போக வேண்டும்.

"ஃபியூரோசமைடு எந்த வகை மருந்து?" என்று கேட்டால் படித்தவர் எழுதிவிடுவார். அதையே இப்படி மாற்றுங்கள்: இதயச் செயலிழப்புள்ள 72 வயது நோயாளி. ஃபியூரோசமைடு எடுக்கிறார். காலை பொட்டாசியம் 2.9. கால் தளர்வாக இருக்கிறது என்கிறார். இதய உச்சித் துடிப்பு 76. ஒன்பது மணிக்கு டிஜாக்சின் கொடுக்க வேண்டும். நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்?

துடிப்பு 60-க்கு மேல் இருக்கிறது, கொடுக்கலாம் என்பது ஒரு விடைத் தெரிவாக இருக்கட்டும். விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் அதில்தான் போய் விழுவார். சிறுநீரைப் பெருக்கும் ஃபியூரோசமைடு பொட்டாசியத்தைக் குறைக்கும், பொட்டாசியம் குறைந்தால் இதய மருந்தான டிஜாக்சினின் நச்சுத்தன்மை கூடும் என்று புரிந்தவர், மருந்தை நிறுத்திவைத்து மருத்துவருக்குத் தெரிவிப்பார். தவறான விடைகள் ஒவ்வொன்றும் மாணவர் நிஜமாகவே யோசிக்கக்கூடிய ஒரு தவறாக இருக்க வேண்டும். நீங்கள் வார்டில் பார்த்த தவறுகளே இதற்கு மூலப்பொருள். கற்பித்தல் பாடம் மட்டும் படித்துவிட்டு வந்தவருக்கு இது எளிதில் கிடைக்காது. டிஎன்பிக்காரரின் பலம் இங்கேதான்.

தேர்வு முடிந்ததும் கேள்விவாரியான பகுப்பாய்வைக் கேட்டு வாங்குங்கள். நன்றாகப் படிப்பவர்களே அதிகம் தவறவிட்ட கேள்வி என்றால், மாணவர்களைத் திட்டுவதற்கு முன் கேள்வியைத் திரும்பப் படியுங்கள்.

படி 8: எழுத்துப் பணி

கிளினிக்கல் தடத்திலும் பதவி உயர்வுக்கு ஏதாவது எழுதியிருக்க வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் போயர் 1990-இல் முன்வைத்த வகைப்பாட்டைப் பல நர்சிங் கல்லூரிகள் பின்பற்றுகின்றன. கண்டுபிடிப்பு, ஒருங்கிணைப்பு, பயன்பாடு, கற்பித்தல் என நான்கையும் அது புலமைப் பணியாக ஏற்றுக்கொள்கிறது. டிஎன்பிக்கு மூன்றாவதும் நான்காவதும் கைவந்த இடம்.

உங்கள் டிஎன்பி திட்டத்தை அலமாரியில் தூங்கவிடாதீர்கள். தர மேம்பாட்டுப் பணிகளை எழுதுவதற்கென்று ஸ்கொயர் 2.0 என்ற வழிகாட்டி நெறிகள் உள்ளன, அந்த வரிசையில் சுருக்கி எழுதினால் கட்டுரையின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். பட்டம் வாங்கிய முதல் வருடத்துக்குள் அனுப்பிவிடுங்கள். நாளாக நாளாகத் தரவு பழசாகும், திட்டத்தில் கூட இருந்தவர்களும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். கட்டுரையில் யார் யார் பெயர், எந்த வரிசையில் என்பதை வழிகாட்டியிடம் முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள், மருத்துவமனையின் பெயரைப் போடலாமா என்று அங்கேயும் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.