பார்படாஸ் கிராமத்தில் இருந்துகொண்டு சிங்கப்பூர் வேலை பார்க்க

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். இங்கே சிங்கப்பூரில் காலை 9 மணி என்றால் கரீபியன் தீவான பார்படாஸில் முந்தின நாள் இரவு 9, அதனால் பாத்ஷீபா மாதிரி அமைதியான கடலோரக் கிராமத்தில் வீடு தேடும்போது கடல் தெரிகிறதா என்று கேட்பதைவிட, பகலில் தூங்க இருட்டான அறை இருக்கிறதா என்று கேளுங்கள். (அங்கே அலை மூர்க்கமானது, நீந்த இறங்காதீர்கள்.) வெளிநாட்டு வேலையை அங்கிருந்தே பார்க்க பார்படாஸ் தரும் வெல்கம் ஸ்டாம்ப் விசா 12 மாதத்துக்கு, அந்தக் காலத்தில் குறைந்தது 50,000 அமெரிக்க டாலர் வருமானம் வரும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே தேக்கா சந்தையில் வாங்கிய ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கே மின்சாரம் 115 வோல்ட்தான், இங்கே இருப்பதில் பாதி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தாலும் அரிசி வேகாமல் முறைக்கும். புளியும் ரசப்பொடியும் போதும். அப்புறம், ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், பவர்பேங்கில் எப்போதும் முழு சார்ஜ் இருக்கட்டும்.